வசந்தகால நடையும் உன் முழங்கையும்

அன்புள்ளவளுக்கு,

நீ என்னை விட்டுப் பெட்டியோடு கிளம்பியது நம் பறவைச் சங்கத்தில் யாருக்கும் தெரியாது. உன் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சொல்லி, பாவம், அவளுக்கு இதுவரை மூன்று வியாதிகளை வரவழைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கும் நடைக்கு வழக்கம்போல நான்தான் தலைவன். பைன் காட்டுக்குள் நின்று, கண்ணை மூடி, விரலை உயர்த்தி, "அதோ, மஞ்சள் உச்சிக் குருவி!" என்றேன். வயதாகிற காது முதலில் இழப்பது அதன் கீச்சொலியைத்தான். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த இளம்பெண் வீட்ஸ்கே மட்டும், "எங்கேங்க? ஒண்ணும் கேக்கலையே?" என்றாள்.

நம் பழைய நண்பன் ஹார்மன் சிரித்தான். "விடும்மா! எங்களுக்கும்தான் வருஷக்கணக்கா கேக்கல. அவர் விரலைத் தூக்குவார், நாங்க தலையை ஆட்டுவோம். ஆனா தேடிப் பாத்தா குருவி அங்கதான் இருக்கும், ஒருதடவைகூடத் தப்பினதில்ல மனுசன்!"

எப்படித் தப்பும்? ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று முழங்கையால் என்னை இடித்தவள் நீ. இடித்ததும் விரல் எழும். இந்த ஞாயிறு இடிக்க நீ இல்லை, சும்மாதான் தூக்கினேன். "ஜனங்க முன்னாடி இடிக்காதே" என்று உன்னைக் கடிந்துகொண்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் என் காதின் பெருமையை உன்னிடமே அளந்திருக்கிறேன். நீ கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

எல்லோரும் போனபின் வீட்ஸ்கேவிடம் உண்மையைச் சொன்னேன்: "எனக்குக் கேக்காதும்மா. கேட்டதெல்லாம் என் மனைவிக்கு."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
காது மந்தமானவன்