ஷாஃப்ட்டில் சுற்றிய வைக்கோல்

என்னங்க,

சாதமும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள். உங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நான் எடுத்துப் போகிறேன்.

நேற்று வண்டி உதறியதும், "வைரக்கண்ணு கூலிக்காரங்க சங்கத்துல சேந்துட்டான், போல்ட்டைக் கழட்டி என்னைக் கொல்லப் பாக்குறான்" என்று கத்தினீர்கள். கார் கழுவுகிற மனுஷனைக் காலையில் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டு வக்கீலைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

பஸ் ஷெட்காரர் மகள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஸ்டீயரிங் நடுங்கவில்லை, சீட்டுக்கு அடியில்தான் உதறியது. நியூட்ரலில் உருளவிட்டபோதும் உதறல் நிற்கவில்லை. அப்படியென்றால் முன்சக்கரமும் இல்லை, எஞ்சினும் இல்லை. பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்தான். அடியில் படுத்துப் பார்த்தேன். போல்ட்டுகள் இறுக்கமாகவே இருக்கின்றன. ஷாஃப்ட்டில்தான் ஒரு பக்கமாக வைக்கோலும் களிமண்ணும் சுற்றி இறுகிக் கிடந்தன. கூலித் தகராறில் ஆட்கள் ரோட்டிலேயே போட்டுவிட்டுப் போன நெற்கட்டுகள்மேல் வீம்புக்குக் காரை ஏற்றினீர்களே, அந்த வைக்கோல். அரிவாளால் அறுத்தெடுத்து முறத்தில் வைத்திருக்கிறேன், பாருங்கள். வாய்க்கால் பாலம்வரை ஓட்டிப் பார்த்தேன். உதறல் இல்லை.

ஸ்டேஷனில் போய் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

மங்களம்

கொல்லைக் கதவுச் சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது. வைரக்கண்ணு பெண்சாதி ராசம்மாள் அழுதுகொண்டு வந்தால் விரட்டாதீர்கள். உள்ளே உட்காரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அது ரெண்டே சீட்டு வண்டி. வரும்போது உங்கள் சீட்டில் நான், என் சீட்டில் வைரக்கண்ணு. கடைத்தெரு வழியாகத்தான் வருவோம்.