இன்னொருவர் சரி சொல்லும்வரை

என் ஆசை மச்சான்,

நானும் உன் அக்காவும் வில்லியனூரில் உன் அறையைக் காலி செய்து, லேப்டாப்பைப் பாகூருக்கு, எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். பீரோவில் இருக்கிறது. உன் அக்கா யாரையும் தொடவிடுவதில்லை.

நல்லவாட்டில் மீன் வைக்கும் ஐஸ் ரூமில், குளிரைப் பார்த்துக்கொள்ளும் நம் புரோகிராம் இன்னும் ஓடுகிறது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். இல்லை, போன வாரம் வரை நிற்காமல் ஓடியது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தக்கூடிய புரோகிராம் வேண்டும் என்றுதானே நாமே ஒரு கம்ப்யூட்டர் மொழி செய்தோம்? ஒரு வரி எழுதினால் அந்த நொடியே வேலைக்கு வந்துவிடும். அதில் நீ ஒரு விதி வைத்தாய். ஒருவர் எழுதினால் மற்றவர் படித்துச் ‘சரி’ சொல்ல வேண்டும். இதென்ன தாசில்தார் ஆபீசா என்று கிண்டல் செய்தேன். நீ சிரித்தாயே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. விதியை எடுப்பதற்கும் இரண்டு பேர் சம்மதம் வேண்டும் என்று வேறு எழுதிவைத்தாய். இப்படி ஆகும் என்று நீயும்தான் நினைத்திருக்க மாட்டாய், இல்லையா?

ஐஸ் ரூம் நடத்தும் மல்லிகா அம்மா புது கம்ப்ரசர் வாங்கினார். பழையது திணறி, ஐஸ் உருக ஆரம்பித்திருந்தது. புதியதை ஓட்டச் சொல்லி நாலு வரி எழுதினேன். ‘மச்சான் இன்னும் சரி சொல்லவில்லை’ என்று திரையில் வந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் லேப்டாப்பைத் திறந்து உன் பேரில் நானே சரி சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. நீ படிக்காத வரிக்கு உன் சம்மதமா?

“நிறுத்திட்டுப் போட்டா இன்னா ஆவும்பா?” என்று கேட்டார் மல்லிகா அம்மா.

“ஒண்ணும் ஆவாதும்மா.”

ஓடும்போது மாற்றத்தான் உன் ‘சரி’ வேண்டும்; நிறுத்திவிட்டுப் போட்டால் கேட்காது. நாம் ஓடவிட்டதிலிருந்து முதல் தடவையாக நிறுத்தினேன். புது வரிகளைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். நிஜமாகவே ஒன்றும் ஆகவில்லை மச்சான். ஐஸ் இறுகியது, மீன் கெடவில்லை. எனக்குத்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர முடியவில்லை. உன்னை எடுத்துப் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

மறுபடி ஓடத் தொடங்கியதும் இரண்டாவது ஆள் யார் என்று கேட்டது. உன் அக்காவுக்குப் போன் செய்து, அவள் பேரைப் போடட்டுமா என்றேன்.

“எனக்குப் புரியாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்” என்றாள். உன் கூடப் பிறந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்?

நீ படிப்பாய் என்றுதானே நான் இத்தனை நாளும் எழுதினேன் மச்சான்? இப்போது யாருக்காக எழுதுவது?

அவளுக்குப் புரியும்வரை சொல்லித் தருகிறேன். அதுவரை அந்த இடம் காலியாகவே இருக்கும். ஒண்டியாக உட்கார்ந்து ஒரு வரிகூட மாற்ற மாட்டேன். இது சத்தியம்.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் மாமா