பைபாஸுக்கு அந்தப் பக்கம்

என் ரோசி அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்கு ஓசூர்ச் செய்தி வந்து சேருமா? சேராது என்றுதான் நினைக்கிறேன். சேர்ந்திருந்தால் இந்நேரம் என் கனவில் வந்து சண்டை பிடித்திருப்பாய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நீ ஆரம்பித்த கிளப்பைப் பூட்டிவிட்டார்கள். படிப்பகத்து மாடிக்கு இனி யாரும் ஏறக் கூடாதாம்.

பதறாதே. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மே மாதத்தில் விடாத மழை. ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் வெளிச்சத்துக்காகப் போர்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். அவர்கள் எழுந்த இடத்தில் கூரையின் காரை கம்பியோடு பெயர்ந்து விழுந்தது. புழுதி அடங்கியபோது அவர்கள் உட்கார்ந்திருந்த ஸ்டூல்கள் நசுங்கிக் கிடந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள் அக்கா. தப்பித்துவிட்டால் அந்த வயதில் சிரிப்புதான் வரும் போலிருக்கிறது. நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் முகத்தை அவர்கள் பார்க்கக் கூடாதே என்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் இன்ஜினியர் ஒருவர் வந்து தூண்களைத் தட்டிப் பார்த்தார். “கம்பி பூரா துரு புடிச்சிடுச்சுங்க. இடிச்சித்தான் ஆவணும். பசங்கள மேல ஏத்தாதீங்க” என்றார். அன்றைக்கே பூட்டு விழுந்தது.

நீ அந்த மாடிக்காக அலைந்ததை நினைத்துக்கொண்டேன். உன் கம்பெனியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்களெல்லாம் சாயங்காலமானால், கேட்டில் வாங்கி வைத்துவிட்ட செல்போன் கைக்குக் கிடைக்காதா என்று தவிப்பார்களாமே. புருஷனும் ஷிப்ட், பெண்டாட்டியும் ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு வந்த வயசுப் பிள்ளை லைன் வீட்டில் தனியாக என்ன செய்கிறதோ, யார் வந்து கதவைத் தட்டுகிறார்களோ என்கிற தவிப்பு. அவர்களுக்காகத்தானே நீ கேட்டாய். ஒரு கேரம் போர்டு, ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, கேட்க ஆள் இருக்கிற ஓர் இடம். நீ போனபிறகு காலை ஷிப்டை முடித்துவிட்டு நான் வந்து திறந்துகொண்டிருந்தேன். உன் அளவுக்கு எனக்குப் பேச வராது. திறக்கவும் மூடவும் தெரியும், அவ்வளவுதான்.

கிளப் பூட்டிய பிறகு பையன்கள் மேம்பாலத்தின் அடியில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். அங்கே யார் யார் வருவார்கள் என்று உனக்குத் தெரியும். பெண் பிள்ளைகள் கண்ணிலேயே படவில்லை. காவேரியின் அம்மாவை ரேஷன் கடையில் பார்த்தேன். காவேரி, உன் மகள் ஷாலினியின் வகுப்புத் தோழி. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“வெளிய பூட்டிட்டுத்தாண்ணா போறேன். சாவி என் பேக்லதான் இருக்குது” என்றாள்.

“தீ கீ புடிச்சா என்னம்மா பண்ணுவா?”

“வேற என்னா பண்ணச் சொல்றீங்க?” என்று திருப்பிக் கேட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து காஸ் அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காவேரி ஞாபகம்தான்.

இடம் தேடினேன் அக்கா. நம் கோவில் ஹாலில் சாயங்காலம் டியூஷன் நடக்கிறது. கல்யாண மண்டபத்துக்காரர் உட்காரவைத்து காபியெல்லாம் கொடுத்தார். பிறகு, “பொண்ணுங்களும் பசங்களும் ஒண்ணா இருக்கிற எடம்னு சொல்றீங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எம் பேருதானே கெடும்?” என்றார். இன்னொரு மாடி நன்றாக இருந்தது. ஆனால் கீழே ஒயின் ஷாப். அந்தப் படிக்கட்டில் பெண் பிள்ளைகள் ஏறி இறங்குவதை மனதுக்குள் ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். தெருத் தெருவாகப் போனதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த ஊரில் எல்லோரும் இந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பிள்ளைகளுக்காகப் பயப்படுகிறேன். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவர்களுக்கு உட்கார ஓர் இடம் இல்லை.

அப்போதுதான் கௌரம்மா ஆள் அனுப்பினார். பைபாஸ் ஓரம் லாரிக்காரர்களுக்கு மெஸ் நடத்திக்கொண்டிருந்தாரே, அந்தக் கன்னடக்கார அம்மா. மேம்பாலம் வந்தபிறகு லாரிகள் அங்கே நிற்பதில்லை. மெஸ்ஸை மூடிவிட்டார். பெரிய ஹால், லாரி நிற்க விட்டிருந்த காலி இடம், எல்லாம் சும்மா கிடக்கிறது. போனில் பேசினார்.

“நோடப்பா, என் பேரனுங்க எல்லாம் பெங்களூர்ல இருக்காங்க. ஹால்ல எலி ஓடுது. பசங்க ஓடட்டும். நீ ஒருவாட்டி வந்து பாரு.”

நான் போகவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? அந்த மெஸ் பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பிள்ளைகளின் வீடுகள் எல்லாம் இந்தப் பக்கம். நடுவில் அந்த ரோடு. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, நடுத்திட்டு இடைவெளியில் நின்று, ஒரு லாரி போகட்டும் என்று காத்திருந்து, அதற்குப் பின்னால் வந்த வேனை நீ பார்க்காமல் போன அதே ரோடு. இரண்டு வருஷமாக நான் அந்தப் பக்கமே போவதில்லை. வேலைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். வீட்டில் விமலாவுக்குத் தெரியும். பெட்ரோலைப் பற்றி ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை.

ஷாலினி கேட்டாள். அத்தான் போச்சம்பள்ளியில் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற வாரங்களில் அவள் எங்கள் வீட்டில்தானே இருக்கிறாள். “மாமா, கௌரம்மா எடம் குடுக்கிறாங்களாமே. ஏன் வேணாம்னு சொன்னீங்க?”

“அந்த ரோட்ட நீங்க யாரும் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.”

ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். பார்ப்பதற்கு அப்படியே நீதான்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், நசநசவென்று தூறல். படிப்பகத்தின் கீழ்க் கூடத்தில் போட்டுவைத்திருந்த நம் சாமான்களை எடுத்து வரலாம் என்று போனேன். கேரம் போர்டு இல்லை. டேபிள் டென்னிஸ் வலை இல்லை. எதிர்ப் பெட்டிக்கடைக்காரர், “உங்க அக்கா பொண்ணுதான் பசங்களோட வந்து எடுத்துனு போச்சி. பைபாஸ் பக்கம் போறாங்க” என்றார்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. பக்கத்திலேயே என் வண்டி நின்றது. அது ஞாபகத்துக்கே வரவில்லை.

நான் ரோட்டோரம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் நடுத்திட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். கேரம் போர்டை இரண்டு பையன்கள் தலைக்கு மேல் குடை மாதிரி பிடித்திருந்தார்கள். காவேரியும் இருந்தாள். எல்லோருக்கும் முன்னால் ஷாலினி, ஒரு கையை நீட்டி மற்றவர்களைத் தடுத்தபடி. நீ நின்ற அதே இடைவெளி அக்கா. நான் வாயைத் திறந்தேன், சத்தம் போடவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். திரும்பிப் பார்க்கிற நேரத்தில் என்ன வருமோ? வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். கண்டெய்னர் லாரி ஒன்று அவர்களை மறைத்தது. லாரி போனது. நடுத்திட்டு காலியாக இருந்தது.

அவர்கள் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டிருந்தார்கள். எனக்குத்தான் அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்போது ஷாலினி என்னைப் பார்த்துவிட்டாள். மற்றவர்களை அங்கேயே நிற்கவிட்டு என்னைக் கூட்டிப்போக மறுபடியும் ரோட்டுக்குள் ஒரு காலை வைத்தாள். அந்த நொடியில்தான் எனக்குக் குரலே வந்தது. “வராத! அங்கயே நில்லு! நான் சுத்தி வர்றேன்!”

சுற்றி வருவது என்றால் சுரங்கப்பாதை. கொஞ்ச தூரம் நடந்து போய், ரோட்டுக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். விளக்கு எதுவும் எரியவில்லை. எதிரே வந்த பைக்குகள் என்மேல் சேற்றை அடித்துவிட்டுப் போயின. ஆனாலும் ஓரத்தில் ஆள் நடக்க மேடு ஒன்று இருந்தது. நடக்க முடிந்தது.

மெஸ்ஸுக்குள் போனேன். பிள்ளைகள் ஏற்கெனவே பாதி ஹாலைக் கழுவியிருந்தார்கள். கரி பிடித்த சுவர், பழைய எண்ணெய் வாசனை, வரிசையாகக் கைகழுவும் தொட்டிகள். ஷாலினியை அடிக்கத்தான் கையை ஓங்கினேன். கௌரம்மா நடுவில் வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அந்தக் கையிலேயே கொடுத்துவிட்டார். குடித்தேன்.

“அந்த எடத்துல போய் நிக்கிறியே, உனக்கு அறிவில்லையா?” என்றேன்.

“நான் தினமும்தான் நிக்கிறேன் மாமா” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“பிளஸ் ஒன் ஸ்கூல் இந்தப் பக்கம்தானே? ஷேர் ஆட்டோ ஸ்கூல் வாசல் வரைக்கும் வருதுன்னு நீங்களா நெனச்சிக்கிட்டீங்க. சுத்திப் போனா லேட்டாவுதுன்னு ஆட்டோக்காரரு எங்கள அந்தப் பக்கமே எறக்கி விட்டுடுறாரு. ஜூன்லேர்ந்து நாங்க எல்லாரும் இப்படித்தான் தாண்டுறோம். சொன்னா நீங்க ஸ்கூலையே நிறுத்திடுவீங்கன்னு சொல்லல.” பிறகு முகத்தை நிமிர்த்திக்கொண்டு, “எனக்கு ஒண்ணும் பயம் இல்ல” என்றாள்.

அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. நான் ஊரைச் சுற்றி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலை வேளைகளில் உன் மகள் உன் இடத்தில் நின்று ரோட்டைத் தாண்டியிருக்கிறாள். அந்த ரோட்டிலிருந்து நான் யாரையும் காப்பாற்றவில்லை. என்னை மட்டும்தான் தள்ளி வைத்திருந்தேன். அத்தானிடம் அன்றைக்கே இதைச் சொன்னேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் பெற்றோர்களைக் கௌரம்மாவின் ஹாலுக்கே வரச் சொன்னோம். வந்தவர்களில் பாதிப்பேர் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்தார்கள். பேச்சு சண்டையாகப் போனது. ஓர் அப்பா, “செத்தவங்க வீட்டு ஆளே இந்த எடத்துக்குக் கூப்புடுறீங்களா?” என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். காவேரியின் அம்மாதான் எழுந்தாள். “பூட்டி வச்சிட்டுப் போனா மட்டும் எனக்கு வேல ஓடுதா? ஏற்கெனவே இதுங்க ஸ்கூலுக்குத் தாண்டிட்டுத்தான் இருக்குதுங்க. கூட யாராவது நடந்தா ஆவாதா?” என்றாள்.

அப்படித்தான் முடிவானது. யாரும் நடுத்திட்டு வழியாக வரக் கூடாது. ஆட்டோ சுரங்கப்பாதை வழியாகத்தான் போக வேண்டும். சாயங்காலம் கிளப்புக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கம் ஒன்றாகச் சேர்ந்து, ஷிப்ட் இல்லாத பெற்றோர் ஒருவரோடு அடியில் நடந்து வர வேண்டும். அத்தான் உள்ளே இரண்டு விளக்குப் போட வைத்துவிட்டார். யாரைப் போய்ப் பார்த்தார், எத்தனை தடவை போனார் என்று என்னிடம் சொல்லவில்லை.

கிளப் இப்போது அங்கே நடக்கிறது. லாரி நின்ற இடத்தில் வாலிபால் வலை கட்டியிருக்கிறார்கள். காவேரி நன்றாக அடிக்கிறாள். கௌரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் புரியாத வேகத்தில் கன்னடத்தில் திட்டிக்கொண்டிருப்பார். உனக்குப் பிடித்திருக்கும்.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நேற்று பெரிய மழை. ஷிப்ட் முடிந்து நான் போய்ச் சேர்வதற்குள் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். என்னைச் சுற்றி அம்மாக்களும் அப்பாக்களும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். யாராவது ஒரு பிள்ளை அவசரப்பட்டு மேலே ஏறி வந்துவிட்டால்? நடுத்திட்டு இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஷாலினி.

“மாமா, நான் கதவச் சாத்திட்டேன். தண்ணி வடியிற வரைக்கும் யாரையும் வெளிய விடமாட்டேன். நீங்களும் தாண்டிடாதீங்க மாமா. சத்தியமா தாண்டிடாதீங்க.” குரல் உடைந்தது. “எனக்கும் அந்த எடம் பயம்தான். தெனமும் பயம்தான்.”

உனக்காக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை அக்கா. நீ போன அன்றுகூட வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நேற்று மழையில் நின்றுகொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். தாண்டமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தண்ணீர் வடிந்தது. எல்லோரும் நடந்து வந்தார்கள்.

உனக்கு என்ன வாக்குக் கொடுப்பது? ஒன்றும் ஆகாது என்று சொல்ல நான் யார்? ஆனால் உன் மகளுக்குப் பயம் என்றால் இனி அதை அவள் என்னிடம் சொல்லலாம். நானும் என் பயத்தை அவளிடம் சொல்வேன். நாளை சாயங்காலம் சுரங்கப்பாதையில் பிள்ளைகளோடு நடக்க வேண்டிய முறை என்னுடையது. போவேன். நாளை மறுநாள் முறை இல்லாவிட்டாலும் போவேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவன்,
உன் ஷாலினிக்குத் தாய்மாமன்,
ஜெயபால்