பொன்னுருக்குக்கு முன்

யூன் 3, செவ்வாய்
கச்சான் காற்று. கொடியில் காயப்போட்டதெல்லாம் மண். ஆரூரனின் இரத்தப் பரிசோதனை ரிப்போட் கொழும்பிலிருந்து வந்துவிட்டது. பிள்ளைக்கு ஏழு வயது. இன்னும் "அம்மா" என்று சொன்னதில்லை. காரணம் பரம்பரை அலகிலாம், ஜீனில். என் பக்கத்தால் வந்ததாம். வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே போனதால்தான் என்று மாமி இவ்வளவு காலமும் சொன்னது பொய். சந்தோஷப்படவா?

டொக்டர் போனில்: "தங்கச்சி இருக்கிறாவோ? அவவுக்கும் இருக்கலாம். பிள்ளை பெற முதல் சோதிக்கச் சொல்லுங்கோ."

இருக்கிறாள். வதனி. 13ஆம் திகதி கல்யாணம்.

யூன் 4, புதன்
அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"வாயைத் திறக்காதை. பொன்னுருக்கு முடியட்டும். தாலிக்குப் பொன் உருக்கினாப் பிறகு ஆரும் மாற ஏலாது."

ஓம் என்றேன். வதனிக்கு முப்பத்திநாலு. ஆரூரனைப் பார்த்துவிட்டே இரண்டு சம்பந்தம் போனது.

ரிப்போட் அலுமாரியில், பட்டுச்சேலைகளுக்கு அடியில்.

வாங்க: வெற்றிலை, கற்பூரம், ஆ.வுக்கு டயப்பர் (பெரியது).

யூன் 6, வெள்ளி
வதனி என் நீலப்பட்டு எடுக்க வந்தாள். நான் குசினியில். அலுமாரியை அவளே திறந்தாள். ஆரூரன் கதிரையைத் தட்டியபடி, ஒரு மணித்தியாலமாக. அவனைக் கனநேரம் கட்டிப்பிடித்திருந்தாள். அவனுக்குப் பிடிக்காது. இன்று விட்டான்.

வாசலில் நின்று: "வேற கதை ஒண்டும் இல்லையோ அக்கா?"

"என்ன கதை? வெயிலுக்கு முதல் போ."

யூன் 7, சனி
வதனி மூன்று தரம் போன். "சும்மா எடுத்தனான்." நான் இன்னும் சொல்லவில்லை. நானும் ஒரு அக்கா!

யூன் 8, ஞாயிறு
கிளிவெட்டி, மாப்பிள்ளை வீடு. பொன்னுருக்கு. வழக்கப்படி பெண் வரவில்லை. ஆசாரி தாலிக்குப் பொன் நாணயத்தை உருக்கினார். மாப்பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்து, "இனி நாங்கள் ஒரு குடும்பம்." நல்ல மனுசி, பாவம். அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

பின்னேரம் நேரே வதனியிடம். எல்லாம் சொன்னேன். அவள் சேலை மடிப்பதை நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமையே வாசிச்சிட்டன். நீங்கள் சொன்னா அவரோட கதைச்சு, சோதிச்சுப்போட்டுக் கட்டலாம் எண்டு இண்டைக்குக் காலமை வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தனான். இப்ப பொன்னும் உருக்கியாச்சு."

"நீ கேட்டிருக்கலாமேயடி!"

"உங்கட பிள்ளையின்ர விசயம். நீங்கள் ஒளிக்கிறதை நான் எப்பிடிக் கதைக்கிறது?"

யூன் 9, திங்கள்
காற்று நிற்கவில்லை. வதனிக்கு மூன்று தரம் போன் அடித்தேன். எடுக்கவில்லை.