மூன்று ஏழு போட்ட அப்பா

என் வாலுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், கம்ப்யூட்டர் மட்டும் செத்துப் பிழைத்தது. அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? இருமலை விரட்டிவிட்டு நீ மட்டும் நலமாக இரு. போனில் பேசினால் அப்பா கதவருகே நின்று ஒட்டுக்கேட்கிறார், அதனால் செல்போனிலேயே மெயில் தட்டுகிறேன்.

போன வாரம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று அழுதேனே, எப்படிப் படுத்தது என்று நீ கேட்டும் மென்று விழுங்கினேனே, அது உன் அப்பா பார்த்த வேலை. நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து என் எம்பிராய்டரி வேலை ஒழுங்காகத்தான் நடந்துவந்தது. நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. இதில் எல்லாமே கோப்புதான், பூ டிசைனும் கோப்பு, கீபோர்டும் கோப்பு, பென் டிரைவைச் செருகினால் அதுவும் டெவ் என்ற அடைவில், அதாவது ஃபோல்டரில், ஒரு கோப்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கேயே நல் என்று ஒரு சாதனம் இருக்கிறது, எதைப் போட்டாலும் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும் என்றாயே, கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்வதெல்லாம் எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நீ உன் அறைப் படங்களை அனுப்பி வைக்கிறாயே, ‘புது வீடு’ என்ற அடைவு, அதை அப்பா தன் கணக்கிலிருந்து திறக்கப் பார்த்திருக்கிறார். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்துவிட்டது. யாரிடம்? மேனேஜரே ஒரு போல்ட் கேட்டு வந்தாலும் கையெழுத்துச் சீட்டு இல்லாமல் கம்பெனி ஸ்டோர் வாசலைத் தாண்ட விடாத ஸ்டோர் கீப்பரிடம். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது நான் அனுமதி கொடுக்கமாட்டேன் என்று குறுக்கே நின்று, நீ போனதிலிருந்து உன்னோடு பேசாமல் இருப்பவரிடம். ஏன்டி, இந்த மெஷின் யார் வீட்டுல இருக்கு, எனக்கே பர்மிஷன் இல்லையா என்று குதித்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உரிமையாளர் நீ, வீடு என்ற குழுவில் நீயும் நானும், அப்பா மற்றவர்களில் வருகிறார் என்று விளக்கிவிட்டேன். நான் மத்தவனா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை என்றார், உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் செல்போன் ரிப்பேர்க்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர், படிக்க நாலு, எழுத ரெண்டு, இயக்க ஒண்ணு, கூட்டினா ஏழு, உரிமையாளர், குழு, மத்தவங்கன்னு ஆளுக்கொரு ஏழு போட்டா எல்லாம் திறந்துக்கும் சார் என்று சொல்லிவிட்டார். நான் நூல் வாங்கப் போயிருந்தேன். என் கடவுச்சொல்லை எப்போதோ பின்னால் நின்று விரலைப் பார்த்தே பிடித்து வைத்திருக்கிறார், ஸ்டோர் கண் அல்லவா. உன் அடைவுக்கு மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை, திறக்கிறதுன்னா மெயின் கேட்டுலேர்ந்து திறக்கணும் என்று மூல அடைவிலிருந்து மொத்தக் கம்ப்யூட்டருக்கும் மூன்று ஏழு போட்டுவிட்டார். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு.

நான் திரும்பி வந்தபோது உன் சமையலறைப் படத்தின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தேகம் ஒன்றும் வரவில்லை. பிறகு நிர்வாகி அதிகாரம் கேட்டு சூடோ கட்டளை கொடுத்தால், என் அனுமதிகளே சரியாக இல்லை, நான் வேலை செய்யமாட்டேன் என்று அது மறுத்துவிட்டது. அணைத்துப் போட்டேன், கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்து பேட்ஜ் டிசைன் முழுக்க அதற்குள்ளே, மறுநாள் கொடுத்தாக வேண்டும். எல்லாருக்கும் எல்லாம் திறந்துவிட்டால் யாருக்கும் எதுவும் நடக்காது போலிருக்கிறது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும், வேறு பென் டிரைவிலிருந்து கிளப்பி டிசைன்களையும் உன் படங்களையும் நகல் எடுக்கச் சொன்னாய். தெரியாதது ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வட்டு எது, பென் டிரைவ் எது என்று மாற்றிவிட்டால் எல்லாம் போச்சு என்று நீ பயமுறுத்தினாய் அல்லவா, அப்பா ஒவ்வொன்றுக்கும் நூலில் அட்டை கட்டி, பெயர் எழுதி, மூச்சுக் காட்டாமல் காவல் நின்றார். பேட்ஜ்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

எல்லாவற்றையும் புதிதாகப் போட்டபோது அவரை வீடு குழுவில் சேர்த்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. குழுவுக்கு நீ வைத்தது போலவே படிக்கும் அனுமதி மட்டும்தான். காலையில் காபிக்கு முன் உன் படங்களைப் பார்க்கிறார். பாத்திரம் கழுவும் இடத்தில் குழாய் சொட்டுது பார், வாஷர் போயிருக்கு, அவகிட்ட சொல்லு என்றார். நீங்களே சொல்லுங்களேன் என்றேன். இன்றைக்கு உன் அடைவில் புதிதாக ஒரு கோப்பைத் திறந்து, ஒற்றை விரலால் மத்தியானம் முழுக்கத் தட்டினார். சேமிக்கப் போனால் அனுமதி இல்லை. குதிக்கவில்லை. இதுக்கு யாரைக் கேக்கணும் என்று மெதுவாகக் கேட்டார். உரிமையாளரைத்தான் என்றேன்.

நிர்வாகி சாவி என்னிடம் இருக்கிறது, ஆனாலும் நான் திறக்கமாட்டேன், அது நீ திறக்க வேண்டியது.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. எந்த ஊரில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நன்றாக இருப்பாய். இதைப் படித்ததும் அங்கிருந்தே இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து அந்த ஓர் அடைவுக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடு. கரண்டு போனால் தட்டியதெல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லித் தொலைத்தேன், அப்பா திரையை மூடாமல் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

குழுவில் இருக்கும்,
உன் அம்மா