நான் ஏற்றிக்கொள்ளாத பிள்ளை

9 ஜூலை 2024

காலையில் வண்டி கிளம்ப மறுத்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்ட பிறகுதான் எடுத்தது. மேல்தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேரும் ரோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பெல் அடிப்பதற்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ ஓட்டுவது இது இரண்டாவது வருஷம். சின்னமனூர் ஸ்டாண்டில் சவாரிக்காகக் காய்ந்து கிடந்ததையும், ஆம்பளை டிரைவர்கள் பேச்சையும் நினைத்தால் இந்த வேலை பெரிய நிம்மதி. ஞானசெல்வி டீச்சர்தான் இதை எனக்கு வாங்கிக் கொடுத்தது. எங்கள் தொடக்கப் பள்ளிக்கு அவர்தான் பெரிய டீச்சர். சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார்: வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஒருத்தர் வருகிறார், எந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இலவச வண்டி உண்டு, யாருக்குக் கிடையாது என்று அளக்கப் போகிறார், நீதான் சுற்றிக் காட்ட வேண்டும்.

12 ஜூலை

வந்தவர் பெயர் கார்த்திக்ராஜ். ஆண்டிபட்டிக்காரர், சின்ன வயசு, மரியாதையான பேச்சு. விதியை எனக்கும் புரிகிற மாதிரிச் சொன்னார். வீட்டிலிருந்து தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் பிள்ளை நடந்துதான் வர வேண்டும். அதைத் தாண்டினால் வண்டி.

மேல்தோட்டத்தில் சந்தேகமே இல்லை. கரட்டடியில்தான் யோசித்தார். கரட்டுக் குன்றுக்குக் கீழே இந்த வருஷம்தான் வீடு கட்டிக் கொடுத்துக் குடியேறிய சனம், ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் கேரளா போகிறவர்கள். ஐந்து பிள்ளைகள் இங்கே சேர்ந்திருக்கிறார்கள். தார் ரோடு கரட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அதில் அளந்தால் தாண்டிவிடும்.

போகிற வழியில் அவராகவே சொன்னார், "கரட்டடியும் சேந்துச்சுன்னா ஆட்டோ பத்தாதுக்கா. வேன்தான் போடணும்." கொஞ்ச தூரம் போனதும், "குறுக்கு வழி ஏதும் இருக்கா?" என்றார்.

ஓடைக்குள் இறங்கி ஏறினால் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் வந்துவிடலாம், எல்லாரும் அதில்தான் போகிறார்கள் என்றேன். ஓடை காய்ந்து வெள்ளை மணலாகக் கிடந்தது. இரண்டு பேரும் நடந்தே வந்தோம். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. போனில் குறித்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

வண்டி இந்த வருஷமும் எனக்குத்தான்.

2 ஆகஸ்ட்

திராட்சை வெட்டு மும்முரம். வீட்டுக்காரர் சுரேஷ்கண்ணன் வெட்டு ஆட்களோடு ராயப்பன்பட்டிப் பக்கம் போயிருக்கிறார். சோறு மிஞ்சிவிட்டது.

21 அக்டோபர்

மூன்று நாளாக மேகமலைப் பக்கம் கறுத்துக்கொண்டே இருந்தது. நேற்று பெய்துவிட்டது. ஓடையில் செம்மண் தண்ணீர், இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு.

கரட்டடிப் பிள்ளைகள் ரோட்டைச் சுற்றித்தான் வர வேண்டும். நான்கு பேரை அப்பன்மார் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளை மட்டும் தனியாக நடந்து வந்தது. திரிஷா, மூன்றாம் வகுப்பு. அப்பன் எங்கேயோ கேரளாவில் இருக்கிறான், வருவதில்லை. அம்மா சுகிர்தம் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறிவிடுவாள். பிள்ளை தானே எழுந்து, தானே சடை போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வருகிறது. கையைக் காட்டியது. ஏற்றிக்கொண்டேன். முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி எத்தனை ஊருக்குப் போயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தது.

23 அக்டோபர்

மேல்தோட்டத்தில் யாரோ பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் நெரிசலில் வருகிறார்கள், வேறு பிள்ளையை ஏற்றுகிறாள் என்று. ஞானசெல்வி டீச்சர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "எனக்கும் மனசு கேக்கல ஜோதி. ஆனா ஏதாவது ஒண்ணுன்னா அந்தப் பிள்ளைக்கு இன்சூரன்ஸ் இல்ல. உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்."

சரி டீச்சர் என்றேன்.

4 நவம்பர்

தீபாவளி லீவு முடிந்து இன்று பள்ளிக்கூடம். கரட்டடித் திருப்பத்தில் திரிஷா நிற்கிறாள். புது ரிப்பன். கை காட்டினாள். நான் வயலில் நின்ற டிராக்டரைப் பார்ப்பது மாதிரி வந்துவிட்டேன். பின்னால் இருந்த பிள்ளைகள், "ஜோதியக்கா, திரிஷா நிக்கிறா" என்றார்கள். காதில் விழாத மாதிரி ஹாரன் அடித்தேன். யாருக்காக அடித்தேன்? ரோட்டில் ஒரு ஆடுகூட இல்லை.

8 நவம்பர்

இன்று கை காட்டவில்லை. வண்டி வருவதைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றாள், பெரிய மனுஷி மாதிரி.

12 நவம்பர்

எழுதாமல் தூக்கம் வராது.

காலையில் நல்ல மழை. திருப்பத்தில் நின்றாள், தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு. நான் வேகத்தைக் குறைத்தேன். குறைத்தேன், அது சத்தியம். அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். பிறகு நான் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டேன்.

நேரமாகிவிட்டதே என்று பிள்ளை ரோட்டை விட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கியிருக்கிறது. இடுப்புக்குமேல் தண்ணீர். காலை வாரிவிட்டு, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போக, பிள்ளை நாணல் புதரில் சிக்கி நின்றிருக்கிறது. எருமை பத்திக்கொண்டு வந்தவர் பார்த்துத் தூக்கினாராம். பை போய்விட்டது. மூக்கிலும் வாயிலும் சேறு. டீச்சர் துடைத்துவிட்டு, சத்துணவு அறையில் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நான் கை காட்டலக்கா" என்றாள்.

ஐயோ, நான் திட்டுவேன்னு நினைச்சிருக்கு.

18 நவம்பர்

திரிஷா பள்ளிக்கூடம் வரவில்லை. நான்கு நாளாகவே வரவில்லை. காரணம் இன்று தெரிந்தது. பால் வாங்கப் போனபோது கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போகிற ஜீப் நின்றது. எப்போதும் போலப் பொம்பளைகள் ஒருத்தர் மடியில் ஒருத்தராக, பின்னால் படியிலும் தொங்கிக்கொண்டு. நடுவில் சுகிர்தத்தின் மடியில் அந்தப் பிள்ளை, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில். மலைமேல் கொண்டுபோய் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் உட்கார வைத்துக்கொள்கிறாளாம். கண் முன்னாலாவது இருக்கட்டும் என்று.

என் வண்டியில் ஏழாவது பிள்ளைக்கு இடம் கிடையாது. அந்த ஜீப்பில் இருந்தது.

19 நவம்பர்

டீச்சரிடம் கேட்டேன், கரட்டடிக்கு வண்டி கிடைக்கவே கிடைக்காதா என்று. ரோட்டு வழி அளந்திருந்தால் கிடைத்திருக்கும் என்றார். "எவனோ ஓடைதான் பாதைன்னு சொல்லிட்டான் ஜோதி. மழைக்காலத்துல அது பாதையா? அளக்க வந்தவருக்கு என்ன தெரியும், காஞ்ச ஓடையப் பாத்திருப்பாரு."

அன்றைக்கு யார் கூடப் போனது என்று டீச்சருக்கு ஞாபகமில்லை. அவரே அனுப்பியது. மறந்துவிட்டார்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

20 நவம்பர்

தெரியாமல் சொன்னேனா? அதைத்தான் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குறுக்கு வழி இருக்கா என்றார், இருக்கு என்றேன். இருப்பதைத்தானே சொன்னேன். ஆனால் மழைக்கு அந்த ஓடை எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? நான் இந்த ஊரில் பிறந்தவள். வேன் போடணும் என்று அவர் சொன்னதற்கு அப்புறம்தானே அந்த வழி எனக்கு ஞாபகம் வந்தது. முதலிலேயே வரலையே. எல்லாரும் அதுலதான் போறாகன்னு சொன்னேனே — யாரு போனாக? நான் பாத்தேனா? — ஆடுதான் போச்சு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "இப்பப் போயி சொன்னா வேன்காரன் வந்துருவான். நீ மறுபடி ஸ்டாண்டுல நிப்பியா?" நின்னுதானே ஆகணும் என்றேன். நல்ல மனுஷன்தான், பயந்துவிட்டார். நானும் பயந்துதான் இருக்கிறேன்.

22 நவம்பர்

சொல்லிவிட்டேன். அந்த எவனோ நான்தான் டீச்சர் என்றேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்தார்.

3 டிசம்பர்

கார்த்திக்ராஜ் மறுபடி வந்தார். ஓடைக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது, ஆனாலும் ஒரு ஆள் துணியை நனைக்காமல் தாண்ட முடியாது. "இது பாதையில்ல சார்" என்றேன்.

"அன்னைக்கு நீங்கதானக்கா சொன்னீக?"

"நாந்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

அவர் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ரோட்டு வழியாக அளந்தார். தாண்டியது, நன்றாகவே தாண்டியது. கிளம்பும்போது, வேன் வரும், உங்களுக்கு ஏதும் செய்ய முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். வேண்டாம் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாருங்க சார் என்றுதான் வாயில் வந்தது.

24 டிசம்பர்

ஒன்றும் செய்ய முடியாதாம்.

20 ஜனவரி 2025

பொங்கல் லீவு முடிந்து வேன் வந்தது. மஞ்சள் நிறம், ஓட்டுவது கூடலூர்க்காரர். மேல்தோட்டத்துப் பிள்ளைகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள். ஒன்றிரண்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டின. கரட்டடியில் ஐந்து பேரும் ஏறினார்களாம், திரிஷாவும். டீச்சர் போன் போட்டுச் சொன்னார்.

நான் சின்னமனூர் ஸ்டாண்டில் கடைசி வண்டியாக நின்றேன்.

26 ஜனவரி

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சுகிர்தம் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பொட்டலம் ஏலக்காய். நான் பேசித்தான் வேன் வந்தது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். மற்றதைச் சொல்லவில்லை போல. "ஒங்க பொழப்பப் போட்டுட்டு எம்பிள்ளைக்காகப் பேசிருக்கீகளேக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை முழுக்கக் கீறல், ஏலச்செடியில் கிழித்தது.

வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. வேன் வந்தால் எனக்கு வேலை போய்விடும் என்று தெரிந்துதான் அன்று ஓடையைக் காட்டினேன் என்று சொல்லிவிட்டேன். தெரிந்துதான். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது நிச்சயமானது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"மழையில நிக்காமப் போனதுக்கே நான் ஒங்கள ஒண்ணும் கேக்கல. சட்டம்னு டீச்சர் சொன்னாக. சட்டம்னா என்ன செய்ய முடியும்னு பிள்ளையத் தூக்கிட்டு மலை ஏறுனேன். அது சட்டமில்லையா, நீங்களா?"

எழுந்து போய்விட்டாள். ஏலக்காயை விட்டுவிட்டுத்தான் போனாள். மறந்துபோய்.

9 பிப்ரவரி

சந்தையில் சுகிர்தத்தைப் பார்த்தேன். அவள் வெங்காயக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

17 பிப்ரவரி

இன்று விடியும் முன்பே கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரர்தான் திறந்தார். சுகிர்தம். தோளில் போர்வையால் சுற்றிய திரிஷா, அனலாகக் கொதிக்கிறாள்.

"காய்ச்ச. பள்ளிக்கூடம் அனுப்ப முடியாது. இன்னிக்கும் போகலேன்னா ஆள மாத்திருவாக." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நிலைப்படியைப் பார்த்துச் சொன்னாள். நான் கையை நீட்டினேன். கொஞ்சம் தயங்கினாள். பிறகு பிள்ளையை என் தோளுக்கு மாற்றினாள். மாத்திரை போட்டாயிற்று, மத்தியானத்துக்கு ஒன்று போர்வை நுனியில் முடிந்து வைத்திருக்கிறேன், சாப்பிட்ட பிறகு கொடுக்க வேண்டும் என்றாள். தெருமுனையில் ஜீப் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

ஏன் இங்கே? எங்கள் தெருமுனையில் ஜீப் நிற்பதாலா? மலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற பொம்பளை வேறு யாரும் கிடைக்காததாலா? கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

ஸ்டாண்டுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன். பாயை ஜன்னல் பக்கம் விரித்துப் படுக்க வைத்தேன். பத்து மணி வாக்கில் கண் திறந்து, இது யார் வீடு என்று கேட்டாள். சொன்னேன். "சரி" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். மத்தியானம் கஞ்சி பாதி டம்ளர் குடித்தாள். மாத்திரையை வாயிலேயே வைத்துக்கொண்டு விழுங்க மறுத்தாள். சர்க்கரை கொடுத்து விழுங்க வைத்தேன்.

இப்போது சாயங்கால வெயில் பாய்மேல் விழுகிறது. ஜன்னல் கதவைப் பாதி சாத்தினேன். நெற்றியில் வேர்வை. காய்ச்சல் இறங்குகிறது. முந்தானையால் துடைத்தேன், விழிக்கவில்லை. ஜீப் வர இன்னும் நேரமிருக்கிறது.