பவதாரணிக்கு வாய்த்த நித்திரை

24.08.2021

இன்றைக்கும் விரல்கள் மடங்கப் பத்து மணியானது. அதுவரை தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக் குடித்தேன். இராத்திரி கண்ணோடு கண் மூடவில்லை. ஊரடங்கு போட்டது போன வெள்ளிக்கிழமை. என் நித்திரை அதற்கு எவ்வளவோ முன்னமே போய்விட்டது.

ஜெகதீஸ் விடியக் கடலால் வந்தார். குளித்தார், புட்டுச் சாப்பிட்டார், பாயில் சரிந்தார். தலையணையில் தலை பட்டதோ இல்லையோ, குறட்டை. கட்டின மனிசன் நித்திரை கொள்வதைப் பார்த்து ஒருத்திக்கு இப்படி எரிச்சல் வரலாமா? வருகிறதே. மூக்கைப் பொத்திவிடலாமா என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தேன்.

26.08.2021

கிளினிக்கில் இருந்து நேர்ஸ் போன் எடுத்தா. "குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதையுங்கோ அம்மா. பயத்திலை கனபேர் நிப்பாட்டியினம். பிறகு மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்து உத்தரிக்கினம்."

மூட்டுவாதக் குளிசை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம், கொரோனா வந்தால் எங்களைப் போன்றவர்களைத்தான் முதலில் கொண்டுபோகுமாம் - ஊர்காவற்றுறை முழுக்க இதுதான் கதை. படுத்தால் அது தலைக்குள் ஓடத் தொடங்குகிறது. தொண்டை கொஞ்சம் கரகரத்தால் எழும்பி இருந்து மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். குளிசை குடித்தால் பயம், குடிக்காவிட்டால் மூட்டு நோ. இப்படி இருந்தால் மனுசருக்கு எங்கே நித்திரை வரும்?

நேர்ஸ் சொன்னதைப் பவதாரணிக்கும் சொல்ல வேண்டும். பயந்தாங்கொள்ளி அவள்.

27.08.2021

பவதாரணிக்குப் போன் எடுத்தேன். எங்கள் துறையடியில் நின்றால் அவளுடைய காரைநகர் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது. அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகும், நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவை ஊரடங்கோடு நின்றுவிட்டதால் இப்போது போன்தான். மூட்டுவாதக் கிளினிக் வாங்கிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பிடித்த சிநேகிதம் எங்களுடையது. ஒரே வருத்தம், ஒரே டொக்ரர், ஒரே குளிசை.

போனை எடுத்தது அவளுடைய மாமியார் நல்லம்மா.

"அவ படுத்திட்டா பிள்ளை."

பத்தரை மணி. வெயில் ஏறிவிட்டது. படுத்திட்டாவாம்!

"நல்லாப் படுக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"ஓம். இப்ப ஒரே படுக்கைதான்."

வைத்துவிட்டேன். எதற்கு எடுத்தேன் என்பதே மறந்துபோனது.

30.08.2021

மத்தியானம் எடுத்தேன். படுக்கை. பின்னேரம் எடுத்தேன். படுக்கை.

02.09.2021

இல்லை, இதில் ஏதோ இருக்கிறது. ஒரே வருத்தம், ஒரே குளிசை, எனக்கு இல்லாத நித்திரை அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? யாரோ தனியார் டொக்ரரைப் பிடித்து நித்திரைக் குளிசை எழுதுவித்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நானும் கேட்பேன் என்று பயம். கிளினிக் வாங்கிலில் என் வடையில் பாதி சாப்பிட்டவள்.

அவள் நித்திரை கொள்வதை நினைத்துப் பார்க்கிறேன். ஃபான் சுற்றுகிறது. மாமியார் வாசலில் காவல் இருந்து, வருகிற போனையெல்லாம் மறித்து அனுப்புகிறார். மகாராணி ஒரு பக்கம் திரும்பிப் படுக்கிறாள். நோகாமல் திரும்புகிறாள்!

ஜெகதீஸிடம் சொன்னேன். "இஞ்சாரும், அவ நித்திரை கொண்டால் உமக்கென்ன குறைஞ்சு போச்சு?" என்கிறார். குறட்டை விடுகிறவருக்கு என்ன விளங்கும்.

மாதாவிடம் எனக்கும் நித்திரை தா என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், அவளுடையதில் கொஞ்சம் எடுத்துத் தா என்றுதான் கேட்டேன்.

07.09.2021

கடைசித் தரம் என்று எடுத்தேன். "எழும்பினாச் சொல்லுங்கோ" என்றேன். நல்லம்மா ஒரு பெருமூச்சு விட்டு, "எழும்பட்டும் பிள்ளை" என்றா.

எழும்பட்டுமாம்! நான் என்ன அடிச்சு எழுப்பச் சொன்னனானோ? இனி எடுத்தால் என் பெயர் கிறிஸ்ரினா இல்லை.

13.09.2021

அங்கிருந்து போன் வந்தது. இலக்கத்தைப் பார்த்ததும், நான் இல்லையென்று சொல்லும்படி ஜெகதீஸுக்குக் கையைக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அவ வெளியிலை. முத்தம் கூட்டிக்கொண்டு நிக்கிறா" என்றார். நான் கதிரையில் காலை நீட்டி, முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

நித்திரை முறிந்து இப்போதுதான் என் நினைவு வந்ததாக்கும்.

19.09.2021

இன்றும் எடுத்தார்கள். நான் கோழிக்குத் தீன் போடுகிறேனாம். ஜெகதீஸுக்குப் பொய் நன்றாகத்தான் வருகிறது.

28.09.2021

ஒரு மணித்தியாலம் கண் அயர்ந்தேன். அதற்குள் ஒரு கனவு. கனவிலும் நான் முழித்துக்கொண்டு இருக்கிறேன், பவதாரணி நித்திரை கொள்கிறாள்.

04.10.2021

ஊரடங்கு எடுத்தாயிற்று. பாதையும் ஓடுகிறதாம். நாளைக்கு நேரே போய்க் கேட்கப் போகிறேன் - என்ன குளிசை, எந்த டொக்ரர், எனக்கு ஏன் ஒளித்தாய்? மூன்று கேள்விதான். ஜெகதீஸ், "மாஸ்க்கைக் கழட்டாதையும், சண்டை பிடிக்காதையும்" என்கிறார். முதலாவதைக் கேட்பேன்.

05.10.2021

பாதையில் நின்றபடியே சண்டையை வாய்க்குள் சொல்லிப் பழகினேன். அக்கரையில் ஓட்டோ பிடித்து அவள் வீட்டுப் படலையில் இறங்கினேன். நல்லம்மா கதவைத் திறந்தா.

"வாரும் பிள்ளை. படுக்கைதான். உள்ளுக்குப் போய்ப் பாரும்."

பவதாரணி கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கி மினுங்கின. மணிக்கட்டை அசைக்கவே ஏலாது, பிறகு எங்கே போனைப் பிடிக்கிறது. அந்த நீட்டுத் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். சிக்கெடுக்கும்போது அழுகிறாள் என்று மாமியார்தான் வெட்டினாவாம்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள்.

"நடந்தே வந்தனீர்?"

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். எரிகிறவளின் குரல்.

"நீர்... நித்திரை கொள்ளேல்லையோ?" என்றேன்.

"நித்திரையோ? குளிசையை விட்ட நாளிலை இருந்து பாயோடை கிடக்கிறன் கிறிஸ்ரினா. ஒரு பக்கம் திரும்ப ஏலாது. கொரோனாவுக்கு அது கூடாது எண்டு எல்லாரும் சொல்ல, பயந்து விட்டிட்டன். சரியோ பிழையோ உம்மட்டைக் கேப்பம் எண்டுதான் மாமியைக் கொண்டு எடுப்பிச்சனான். ஒருநாள் முத்தம் கூட்டுறீர். ஒருநாள் கோழிக்குத் தீன் போடுறீர். எனக்கு வயிறெரிஞ்சுது. ஒரே வருத்தம், ஒரே குளிசை, இவவுக்கு மட்டும் என்ன எண்டு. பிறகு எடுக்க வேண்டாம் எண்டு மாமிக்குச் சொல்லிப்போட்டன்."

ஒரே வருத்தம், ஒரே குளிசை. என் வாயில் இருந்து பிடுங்கினது மாதிரி.

"பொய்" என்றேன். "எல்லாம் பொய். விளக்குமாறு பிடிச்சு ஒரு வருசம் ஆகுது." என் விரல்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். காலைக் குளிரில் பாதைக் கம்பியைப் பிடித்து வந்ததில் அவை இன்னும் விரியவே இல்லை. அவள் கன நேரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. என் நோவைக் கண்டு வந்த ஆறுதல்! எனக்குக் கோபம் வரவில்லை. அவள் முழங்காலைக் கண்டபோது எனக்குள்ளும் அப்படி ஒன்று வந்து போனது, அதை வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நேர்ஸ் சொன்னதை அப்போதுதான் சொன்னேன். அங்கே இருந்தே கிளினிக்குக்குப் போன் எடுத்தோம்.

06.10.2021

படுத்திட்டா எண்டால் நித்திரை எண்டு நினைச்சிட்டன். ஆள் விழுந்து கிடக்குது எண்டுதான் நல்லம்மா ஒவ்வொரு தரமும் சொன்னது. வருத்தத்தில் கிடக்கிறவரைப் படுக்கை எண்டு எங்கடை வீட்டிலும்தானே சொல்லுறது! எனக்கு மட்டும் ஏன் அது காதிலை ஏறேல்லை? எழும்பட்டும் எண்டு அந்த மனிசி வேண்டிக்கொண்டது, நான் அதுக்கும் கோபிச்சன். முதல் நாளே நேர்ஸ் சொன்னதைச் சொல்லியிருந்தால்? ஒரு வசனம். அதைச் சொல்ல விடாமல் எனக்கு என்ன வந்தது?

நித்திரை இல்லை. இன்றைக்கு இருக்கவும் கூடாது.

09.10.2021

பவதாரணியை யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வார்ட்டில் மறித்து வைத்துவிட்டார்கள். நல்லம்மா கூட நிற்கிறா. குளிசை திரும்பத் தொடங்கியாயிற்று. எழும்பி நடக்கக் காலம் எடுக்குமாம்.

16.11.2021

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கிளினிக். அவள் தடியோடு வந்தாள். டொக்ரர் அவளிடம் விரலைக் கேட்டார், முழங்காலைக் கேட்டார், பிறகு நித்திரை எப்படி, மனம் எப்படி என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எழும்பாமலே போனால் நல்லது என்று நினைத்த நாட்களையும் சொன்னாள். எனக்கே அது தெரியாது. மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். நித்திரை இல்லாததும் இந்த வருத்தத்தோடு சேர்ந்ததுதான், சொல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றார்.

என்னிடம் விரலை மட்டும் பார்த்துவிட்டு, சரி போங்கோ என்றார்.

எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "எனக்கும்தான் டொக்ரர்! ஒரு வருசமாய் நான் நித்திரை கொள்ளேல்லை. அவவுக்கு மட்டும் கேக்கிறியள்" என்றேன். பிறகு அங்கேயே அழுதுவிட்டேன். எனக்கும் துண்டு கிடைத்தது. பவதாரணி மாஸ்க்குக்குள் சிரித்தது எனக்குத் தெரியும்.

25.12.2021

பவதாரணியும் நல்லம்மா மாமியும் பெருநாள் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கென்று வேறு சட்டியில் மரக்கறி சமைத்தேன். ஜெகதீஸ் தேங்காய் திருவித் தந்தார். நான் இப்போது சில நாட்களில் மூன்று மணித்தியாலம் நித்திரை கொள்கிறேன், சில நாட்களில் அதுவும் இல்லை. பவதாரணிக்கு ஐந்து, ஆறு என்று வருகிறதாம். இரண்டு பேருக்கும் ஒரே துண்டுதான் எழுதினது!

சாப்பிட்டபின் கதை கேட்டுக்கொண்டே என் கட்டிலில் சரிந்தாள். நான் குசினிக்குப் போய் வருவதற்குள் நித்திரை. வாயைத் திறந்தபடி, ஒரு பக்கம் திரும்பி. நின்று பார்த்தேன். எரிந்தது, இல்லை என்று எழுத மாட்டேன். என் கட்டில், என் தலையணை.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் சீனவெடி கொளுத்தத் தொடங்கினார்கள். செருப்பும் போடாமல் படலைவரை நொண்டிக்கொண்டு ஓடினேன்.

"நிப்பாட்டுங்கோ! உள்ளுக்கு ஒராள் நித்திரை."